மாதிரிப் பரீட்சையின் பயன்

(அமெரிக்காவில் வசிக்கும் நமது குலத்தார் குடும்பத்தோடு கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



இந்நாட்டு உயர்தரப் பள்ளிகளிற் பயிலும் நம் பிள்ளைகள், கலாசாலைப் பாடத்துக்கு ஈடாகக் கொள்ளப்படும் சாஸ்திரப் பரீட்சைக்கு மாதிரிப் பரீட்சைகளைக் கொண்டு ஆயத்தமாகும் முறையைக் குறித்துப் பேசுமாறு யான் பணிக்கப்பட்டிருக்கின்றேன். விஷயம் சிறிதாயினும், அதனால் நம் வீடுகளில் விளையும் மனத்தாங்கல் பெரிது. மார்ச்சு மாதம் பிறந்துவிட்டால் அத்தையும் மாமாவும் பிள்ளையைக் கண்டவுடன், "சாப்பிட்டாயா?" என்று கேட்பதை மறந்து, "மாதிரிப் பரீட்சையில் எத்தனை மார்க்கு?" என்று கேட்கத் தொடங்கி விடுகின்றனர். அம்மார்க்கு குடும்ப வாட்சாப் குழுவிலும் ஏறி, விடிவதற்குள் ஈரோட்டிலுள்ள பெரியப்பா வரையிற் சென்று சேர்ந்து விடுகின்றது. இக்கேள்வி நல்லெண்ணத்தினின்று பிறப்பதென்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும் இதனால் மாதிரிப் பரீட்சையின் பயன் முழுதும் கெட்டொழிகின்றது என்பதே யான் இன்று தங்கள்முன் வைக்கும் அபிப்பிராயம்.

இப்பிரசங்கம் நமது மாதப் பத்திரிகையில் வெளிவருமென்று காரியதரிசியவர்கள் கூறினமையால், தாய்நாட்டில் அதனைப் படிக்கும் தாத்தா பாட்டிமார் பொருட்டு, இப்பரீட்சை இன்னதென்று முதலில் விளக்குதல் அவசியமாகின்றது. பிள்ளைகள் 'ஏ. பி.' என்று சுருக்கிச் சொல்வது 'அட்வான்ஸ்டு பிளேஸ்மெண்ட்' என்னும் பெயரையே. உயர்தரப் பள்ளியிலிருக்கும்போதே கலாசாலை முதலாண்டின் தரமுள்ள பாடத்தைக் கற்று, அதிற் பொதுப் பரீட்சை எழுதித் தேறினால், பின்னர்ச் சேரும் கலாசாலை அப்பாடத்தைப் படித்து முடித்ததாகவே கணக்கில் வைத்துக்கொள்ளக் கூடும். அக்கணக்கே 'கிரெடிட்' எனப்படுவது. 1950-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஃபோர்டு பவுண்டேஷன் என்னும் தரும ஸ்தாபனத்தின் பொருளுதவியோடு சோதனையாகத் தொடங்கப்பெற்ற இவ்வேற்பாட்டை, 1900-இல் தோன்றிய காலேஜ் போர்டு என்னும் அமைப்பு 1955-இல் தன் பொறுப்பில் ஏற்றுக்கொண்டு இன்றளவும் நடத்தி வருகின்றது. பரீட்சை மே மாதத்தில் நடைபெறும். தேர்ச்சி 1 முதல் 5 வரையுள்ள எண்ணாற் குறிக்கப்படும். 3 என்பது தகுதி பெற்றமைக்கு அடையாளம், 5 தலையாயது.

கிரெடிட் கொடுப்பதும் மறுப்பதும் அந்தந்தக் கலாசாலையைப் பொறுத்த காரியம். இல்லினாய் மாகாணத்தில் 3 பெற்றவர்க்கும் அரசாங்கக் கலாசாலைகள் கிரெடிட் கொடுக்கவேண்டுமென்று சட்டமே செய்திருக்கின்றனர். கால்டெக் எனப்படும் கலிபோர்னியாத் தொழிற்கலைக் கலாசாலையோ 5 பெற்றவனுக்கும் இதன்பொருட்டுக் கிரெடிட் கொடுப்பதில்லை. வைத்தியக் கலாசாலைகளிற் சில, இரசாயனத்தைக் கலாசாலையிலேயே பயின்றிருக்க வேண்டுமென்று விதித்திருக்கின்றன. பிள்ளை சேர விரும்பும் இடத்தின் விதியை விசாரித்தறியாமல், "5 வாங்கினால் ஒரு வருஷப் பணம் மிச்சம்" என்று சொல்லிக்கொண்டிருப்பது வீண்.

சாஸ்திரப் பாடங்களுள் இரசாயனத்தையே யான் உதாரணமாகக் கொள்கின்றேன். பல ஆண்டுகள் கற்பித்த பாடம் ஆதலின் அதனைக் குறித்துத் துணிந்து பேசலாம். இரசாயனப் பரீட்சை 3 மணி 15 நிமிஷம் நடைபெறும். முதற்பாகத்தில் 60 வினாக்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள் கொடுக்கப்பட்டிருக்கும், அவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுத்தல் வேண்டும். காலம் 90 நிமிஷம். இரண்டாம் பாகத்தில் விரித்தெழுத வேண்டிய 7 வினாக்கள். அவற்றுள் மூன்று நீண்டவை, ஒவ்வொன்றும் 10 மார்க்கு. நான்கு குறுகியவை, ஒவ்வொன்றும் 4 மார்க்கு. காலம் 105 நிமிஷம். இரு பாகங்களுக்கும் சரிபாதி மதிப்பு. 2025 முதல் வினாக்களைக் கணினித் திரையிற் படிக்க வேண்டியிருக்கின்றது. முதற்பாகத்துக்குத் திரையிலேயே விடை குறித்து, இரண்டாம் பாகத்துக்குக் காகிதத்திற் கையால் எழுதுகின்றனர். தனிம அட்டவணையும் சூத்திரங்களும் அவர்களே கொடுத்து விடுவார்கள், கால்குலேட்டரும் அனுமதிக்கப்படும். ஆதலின் சூத்திரத்தை மனப்பாடம் செய்தவனுக்கு அதனால் மட்டும் இங்கு விசேஷ லாபம் ஒன்றுமில்லை.

இனி, மாதிரிப் பரீட்சை எழுதுவதனால் என்ன பிரயோஜனம்? பெரும்பாலோர் அதனை வெப்பமானிபோல் எண்ணுகின்றனர். காய்ச்சல் எவ்வளவென்று அது காட்டும்; காய்ச்சலைத் தணிக்காது. இவ்வெண்ணம் பாதியளவே சரி. படித்த ஒன்றை, புத்தகத்தை மூடிவைத்து நினைவிலிருந்து வெளியே எடுக்கும் முயற்சியே அதனை நினைவில் ஆழப் பதிப்பிக்கின்றது என்பது மனோதத்துவ நூலார் பன்முறை சோதித்தறிந்த உண்மை.

செயிண்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் சர்வகலாசாலையில் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக்கி என்னும் இருவர் 2006-இல் வெளியிட்ட சோதனை பிரசித்தமானது. மாணாக்கர் சிலரை ஒரு சிறு வியாசத்தை நான்கு தவணையும் படிக்கச் செய்தனர். வேறு சிலரை முதல் தவணையில் மட்டும் படிக்கச் செய்து, ஏனைய மூன்று தவணையிலும் ஏட்டைப் பாராமல் நினைவில் உள்ளதை எழுதச் செய்தனர். ஐந்து நிமிஷங் கழித்துச் சோதித்தபோது, படித்துக்கொண்டே இருந்தவர் நூற்றுக்கு 83 பங்கும், எழுதிப் பார்த்தவர் 71 பங்கும் நினைவுகூர்ந்தனர். ஒரு வாரங் கழித்துச் சோதித்தபோதோ, படித்துக்கொண்டே இருந்தவர் 40 பங்குக்கு இறங்கினர். எழுதிப் பார்த்தவர் 61 பங்கில் நின்றனர். இதில் கவனிக்கத்தக்கது இன்னொன்று உண்டு. ஒரு வாரங் கழித்துத் தமக்கு எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டிக் கேட்டபோது, அதிக நம்பிக்கையோடு விடையளித்தவர் படித்துக்கொண்டே இருந்தவரே! திரும்பத் திரும்பப் படிப்பவனுக்கு ஏடு பழகிய முகமாகி விடுகின்றது. முகம் பழகினமையால் ஆளையே அறிந்துவிட்டதாக எண்ணி ஏமாறுகின்றான். நம் பிள்ளைகள் புத்தகத்தின் வரிகளையெல்லாம் மஞ்சள் மையால் தீட்டிவைத்து மகிழ்வதைத் தாங்கள் கண்டிருக்கலாம். 2013-இல் ஜான் டன்லாஸ்கி முதலிய அறிஞர் பத்து வகைப் படிப்பு முறைகளை ஆராய்ந்தபோது, அம்மஞ்சள் மை கீழ்வரிசையிலேதான் வைக்கப்பட்டது. மேல்வரிசையில் வைக்கப்பட்டவை இரண்டு. தன்னைத் தானே சோதித்தல் ஒன்று, இடைவெளி விட்டுப் பயிலுதல் மற்றொன்று.

இதனை மேனாட்டார் கண்டுபிடித்த புதுமையென்று நாம் வியக்க வேண்டுவதில்லை. நம் ஊர்த் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடியை முறை சொல்லுவித்தனர். மாலையில் பிள்ளைகள் வீடு செல்லும் சமயத்தில் உபாத்தியாயர் ஒவ்வொருவனுக்கும் ஒரு பூவின் பெயர், ஒரு பக்ஷியின் பெயர், ஓர் ஊரின் பெயர் என்று சொல்லியனுப்பி, மறுநாட் காலையில் அதனைத் திருப்பிக் கேட்கும் வழக்கம் இருந்ததென்று மகாமகோபாத்தியாய சாமிநாதையரவர்கள் தம் சரித்திரத்திற் குறித்திருக்கின்றார்கள். இரவு ஒன்று கழிந்தபின் கேட்டார்களே, அதுதான் நுட்பம். அவ்வுபாத்தியாயர்களின் பிரம்பை யான் புகழவில்லை. அவர்கள் கேள்வி கேட்ட காலத்தைப் புகழ்கின்றேன்.

ஆனால் நினைவுக்கு மட்டும் உதவுவதாயின் மாதிரிப் பரீட்சையைக் குறித்து இத்துணை நேரம் பேச வேண்டுவதில்லை. எழுதி முடித்து, மார்க்கு எண்ணி, அதைப் பெற்றோரிடம் சொல்லி, தாளை மூலையில் எறிந்துவிட்டு, மறுநாள் வேறொரு மாதிரிப் பரீட்சையை எழுதும் பிள்ளைகளை யான் நிரம்பக் கண்டிருக்கின்றேன். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அண்ணன் தம்பி மக்கள் இருவர், ஒரே வகுப்பினர். ஒருவன் ஏப்ரல் மாதத்தில் சனி ஞாயிறு தவறாமல் முழுப் பரீட்சைகளை எழுதிக் குவித்தான். முதல் தாளுக்கும் கடைசித் தாளுக்கும் மார்க்கில் வித்தியாசமே காணவில்லை. மற்றவள் எழுதியது மூன்றே மூன்று. ஒவ்வொன்றையும் எழுதியபின் ஏறக்குறைய ஒரு வாரம் அதனோடு மல்லாடிக்கொண்டிருப்பாள். "இவள் சோம்பேறி, அவனைப் பார்" என்று அவ்வீட்டார் சொல்லிவந்தனர். மூன்று தாள்களிலும் அவள் படிப்படியாக ஏறியதை ஒருவரும் கவனிக்கவில்லை. ஏனெனில் முதல் தாளில் அவள் மார்க்கு அவனுடையதினும் குறைவு, அந்த எண்ணே எல்லார் மனத்திலும் நின்றுவிட்டது.

நமது முன்னோர் தறியில் இருந்தவர். பாவில் இழை ஒன்று அறுந்தால் நெசவாளி என்ன செய்வார்? கை வேகத்தைக் காட்டி மேலே நெய்துகொண்டு போவாரா? நெய்தால் அந்த இழை இல்லாத கோடு புடவையின் கடைசிவரை ஓடும். அவர் நாடாவை நிறுத்தி, அறுந்த இழையை முடிந்து, விழுதிலும் அச்சிலும் மீண்டும் கோத்து, பின்னரே காலை மிதிப்பார். அன்றைக்கு முழம் குறையும், துணி கெடாது. மாதிரிப் பரீட்சை எழுதுவது அறுந்த இழை எங்கேயென்று பார்ப்பதற்கே ஆகும்.

அறுந்த இடத்தை எங்ஙனம் அறிவது? காலேஜ் போர்டார் கடந்த ஆண்டுகளில் இரண்டாம் பாகத்துக்குக் கொடுத்த வினாக்களையும், அவற்றுக்கு மார்க்கிட்ட விதிகளையும், மாணாக்கர் எழுதிய உண்மை விடைகள் சிலவற்றையும் தம் வலைத்தளத்தில் இலவசமாகவே வெளியிட்டிருக்கின்றனர். எத்தனையோ பணம் கொடுத்துப் பயிற்சி நிலையங்களுக்கு அனுப்பும் நம்மவர், காசில்லாமற் கிடைக்கும் இப்பொக்கிஷத்தைத் திறந்து பார்ப்பதில்லை. அம்மார்க்கிடும் விதிகளை ஒரு முறை நிதானமாய்ப் படித்தால், பரீட்சகர் கேட்பது என்ன, நம் பிள்ளை எழுதுவது என்ன என்பது விளங்கும்.

ஓர் உதாரணம் கூறுகின்றேன். சோடியத்தின் அயனியாக்கும் ஆற்றல் மோலுக்கு 496 கிலோஜூல், பொட்டாசியத்தினது 419. குறைந்ததற்குக் காரணம் யாது என்பது வினாவென்று கொள்வோம். "அட்டவணையில் கீழே இறங்க இறங்க அது குறையும்" என்று பிள்ளை எழுதுகின்றான். எழுதியது உண்மையே, ஆனாலும் மார்க்கு கிடையாது. அவன் சொன்னது வழக்கம், கேட்கப்பட்டது காரணம். பொட்டாசியத்தின் கடைசி எலெக்ட்ரான் நான்காவது கூட்டில் இருக்கின்றது, சோடியத்தினது மூன்றாவது கூட்டில். கருவிலிருந்து தூரம் மிகுதியாக, கூலும் என்பார் கண்ட விதிப்படி கவர்ச்சி குறைகின்றது. ஆதலின் அதனைப் பிரித்தெடுத்தல் எளிதாகின்றது என்று எழுதினாலன்றோ விடையாகும்? அவ்வாறே, நீர் கொதிக்கும்போது ஹைட்ரஜனுக்கும் ஆக்ஸிஜனுக்கும் இடையேயுள்ள பிணைப்பு அறுகின்றது என்று எழுதுவோர் பலர். அப்பிணைப்பு அறுவதில்லை, ஒரு மூலக்கூறு மற்றொன்றை விட்டு விலகுகின்றது, அவ்வளவே. இத்தகைய பிழையைக் கண்டுபிடித்த பிள்ளை அந்த வினாவை மட்டும் திருத்திக்கொள்ளவில்லை. அந்த எண்ணத்தையே திருத்திக்கொள்கின்றான். அடுத்த வினா எத்தனை வேஷமிட்டு வந்தாலும் அவன் ஏமாற மாட்டான்.

இன்னொரு செய்தியும் அவ்விதிகளால் அறியலாம். நீண்ட வினாவின் முதற்பகுதியில் கணக்குத் தவறினாலும், அத்தவறான எண்ணைக் கொண்டே இரண்டாம் பகுதியைச் சரியான முறையிற் செய்தால், இரண்டாம் பகுதிக்குரிய மார்க்கைப் பெரும்பாலும் கொடுத்து விடுகின்றனர். முதலில் தவறிவிட்டோமென்று மனமுடைந்து ஏனையவற்றை எழுதாது விடுகின்ற பிள்ளைக்கு இதைச் சொன்னாலே பாதி பயம் தெளியும்.

'கவனக்குறைவு' என்னும் வார்த்தையைக் குறித்துச் சிறிது கூற விரும்புகின்றேன். தாளைத் திருத்தும்போது நம் பிள்ளைகள் பிழைகளிற் பெரும்பாலானவற்றுக்கு எதிரே அவ்வார்த்தையை எழுதிவிடுகின்றனர். பெற்றோருக்கும் அது ஆறுதலாயிருக்கின்றது. "அறிவிற் குறைவில்லை, அவசரந்தான்" என்று பக்கத்து வீட்டாரிடம் சொல்லிக்கொள்ளலாம் அல்லவா? ஆராய்ந்து பார்த்தால் அவற்றுட் பல வேறு காரணத்தால் விளைந்தவை. மில்லிலிட்டரை லிட்டராக மாற்றாமல் விடுவது ஒரு முறை நேர்ந்தால் அவசரம். மூன்று தாள்களிலும் நேர்ந்தால், அலகுகளோடு சேர்த்துக் கணக்கெழுதும் பழக்கம் அவனுக்கு இல்லை என்பதே பொருள். "அல்லாதது எது?" என்ற வினாவை "ஆவது எது?" என்று படிப்பவன், ஒருகால் ஒன்றரை நிமிஷத்துக்கு ஒரு வினா என்னும் கால நெருக்கத்தில் தடுமாறுபவனாயிருக்கலாம். அவனுக்கு வேண்டுவது பாடமன்று, கடிகாரத்தோடு பழகுதல். பாடமே தெரியாதவனுக்கோ கடிகாரத்தால் ஒரு பயனுமில்லை. நோய் வேறு, மருந்து வேறு. எல்லாவற்றுக்கும் 'கவனக்குறைவு' என்று ஒரே சீட்டை ஒட்டினால் எந்த நோயும் தீராது.

சரியான விடைகளையும் சற்றுச் சந்தேகிக்க வேண்டும். நான்கில் ஒன்றைக் கண்மூடிக் குறிப்பவனுக்கும் 60 வினாக்களிற் சராசரி 15 சரியாகி விடும். முற்காலத்தில் தவறான விடைக்கு மார்க்கைக் கழித்தனர். 2011 முதல் அவ்வழக்கம் எடுபட்டது. ஆதலின் உண்மைப் பரீட்சையில் ஒரு வினாவையும் வெறுமையாய் விடலாகாது. மாதிரிப் பரீட்சையிலோ, ஊகத்தாற் குறித்த விடைக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தல் வேண்டும். புள்ளி வைத்த விடை சரியாயிருந்தாலும் தவறாயிருந்தாலும் திருத்தும்போது அதனைத் தவறென்றே எண்ணிப் படிக்க வேண்டும். மார்க்கை வீட்டார்க்குக் காட்ட வேண்டியிருக்கின்ற பிள்ளை அப்புள்ளியை வைப்பானா? வைக்க மாட்டான். இரகசியமாய் விடைத்தாளை ஒரு தரம் பார்த்துக்கொண்டு எழுதும் பிள்ளைகளும் உண்டு. அவர்களை யான் குறைகூறேன். பயிற்சியை நாம் விசாரணை மண்டபமாக்கினால் குற்றவாளி தன்னைக் காத்துக்கொள்வது இயல்புதானே.

திருத்தும் முறை இதுதான். எழுதிய அன்று மாலையே தவறிய வினாக்களை மட்டும், விடையைப் பாராமல், கால அளவின்றி மறுபடி செய்து பார்க்கட்டும். அப்போது சரியாயின் கால நெருக்கமே காரணம். அப்போதும் வாராதாயின் மார்க்கிடும் விதியையும் பாடப் புத்தகத்தையும் எடுத்து, ஏன் வரவில்லை என்பதைத் தன் சொந்த வார்த்தையில் இரண்டு வரி ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதட்டும். பத்து நாள் கழித்து அந்நோட்டிலுள்ள வினாக்களை மறுபடி செய்யட்டும். பத்து நாட்கள் அவசியமா என்று கேட்டால், மறதி சிறிது தொடங்கியபின் நினைவுகூர்வதே பலமளிக்கும் என்று சொல்வேன்; நேற்றுத் திருத்தியதை இன்று செய்தால் கை செய்யும், மனம் செய்யாது.

முழுப் பரீட்சைகளை எப்போது தொடங்குவது என்று தாய்மார் பலர் கேட்கின்றனர். பாடம் முழுதும் முடியட்டுமென்று காத்திருப்பது சரியன்று. இரசாயனத்தை ஒன்பது பகுதிகளாகப் பகுத்திருக்கின்றனர். ஒவ்வொரு பகுதி முடியுந்தோறும் பதினைந்து இருபது வினாக்கள் போதும். பள்ளி உபாத்தியாயர் வாயிலாகக் காலேஜ் போர்டாரே அவற்றைக் கொடுக்கின்றனர். முந்தைய பகுதிகளினின்றும் சிலவற்றைக் கலந்து கொள்ளுதல் நலம். முழு நீளப் பரீட்சை மார்ச்சு நடுவிலிருந்து மூன்று அல்லது நான்கு எழுதினால் அமையும். ஒரே அமர்வில், கைபேசியை வேறு அறையில் வைத்து, முதற்பாகத்தைத் திரையிலும் இரண்டாம் பாகத்தைக் காகிதத்திலும் எழுதுதல் வேண்டும். பரீட்சை மண்டபத்தில் முறை முற்றும் புதிதாயிருக்கலாகாது. உத்தியோக முறையில் வெளிவந்த தாள்கள் அளவோடுதான் உள்ளன. அவற்றை ஜனவரியிலேயே செலவழித்துவிட்டு, ஏப்ரலில் கடைப் புத்தகங்களை நாடுதல் தலைகீழான காரியம். கடைப் புத்தகங்களிற் சில நல்லவை. ஆனால் அவற்றின் வினாக்கள் உண்மையிலும் கடினமாகவோ எளிதாகவோ இருக்கலாம், "இத்தனை மார்க்குக்கு 5" என்று அவை காட்டும் அட்டவணை அவர்களுடைய ஊகமே. 2014-இல் இரசாயனப் பரீட்சையின் அமைப்பே மாறியது. அதற்கு முந்தைய தாள்களைக் கணக்குப் பயிற்சிக்குக் கொள்ளலாமே தவிர, முழுப் பரீட்சையாகக் கொள்ளலாகாது.

மாதிரிப் பரீட்சையினாலும் ஆகாத காரியம் ஒன்று உண்டு. இப்பாடத்தில் குறைந்தது 16 சோதனைகளைப் பிள்ளைகள் தம் கையாற் செய்யவேண்டுமென்று விதித்திருக்கின்றனர். தரம் பார்த்தலுக்குரிய பியூரெட்டைக் கரைசலால் அலசாமல் நீரால் மட்டும் அலசிவிட்டால் முடிவு எவ்வாறு மாறும் என்று வினவினால், ஏட்டில் மட்டும் படித்தவன் திகைப்பான். கையிற் பிடித்தவனோ, உள்ளே ஒட்டிய நீரால் கரைசல் நீர்த்துப்போம், அதிகம் ஊற்ற நேரும், ஆகவே கணக்கிட்ட செறிவு உண்மையினும் கூடுதலாய் வரும் என்று கண்முன் காண்பான். பள்ளியிற் சோதனை நடக்கும் நாளில், பரீட்சைக்குப் படிக்க வேண்டுமென்று பிள்ளையை வீட்டில் நிறுத்திக்கொண்ட குடும்பத்தாரும் நம்மிடையே உண்டென்று கேள்விப்பட்டு வருந்தினேன்.

நமது சங்கத்தைக் குறித்தும் சொல்ல வேண்டியிருக்கின்றது. சிலருக்கு இது கசப்பாயிருக்கலாம். ஆண்டு விழாவில் 5 பெற்ற பிள்ளைகளை மேடையில் ஏற்றி வெள்ளிப் பதக்கம் அணிவிக்கின்றோம். பெற்றவர் மகிழ்கின்றனர். 3 பெற்ற பிள்ளை அன்று விழாவுக்கே வருவதில்லை. தகுதி பெற்றாரென்று பரீட்சகரே சொன்ன பிள்ளை, நம் மண்டபத்துக்கு வர வெட்கப்படுகின்றது! போன தலைமுறையில் நம் பெண்மக்களைப் பள்ளிக்கு அனுப்புவதற்காக வீடுவீடாய்ச் சென்று மன்றாடிய பெரியோர் இச்சங்கத்தை வளர்த்தனர். அவர்கள் விரும்பியது எல்லாரும் படிக்க வேண்டுமென்பது. பதக்கத்தை அடியோடு நிறுத்திவிட வேண்டுமென்று யான் வற்புறுத்தவில்லை. அதற்குச் செலவிடும் பணத்திற் பாதியை வேறு வழியில் திருப்பலாமென்கின்றேன். 2025-இல் ஒரு பரீட்சைக்குக் கட்டணம் 99 டாலர். மூன்று பாடம் எழுதும் பிள்ளைக்கு ஏறக்குறைய 300 டாலர். வருமானங் குறைந்த குடும்பங்களுக்குக் காலேஜ் போர்டார் சலுகை தருகின்றனர். ஆயினும் அச்சலுகைக்குரிய எல்லையைச் சிறிது கடந்து நிற்கும் குடும்பங்களும், வேலையிழந்து அதை வெளியிற் சொல்லாத குடும்பங்களும் நம்முள் இருக்கின்றன என்பதைக் காரியக் கமிட்டியார் அறிவர். அவர்கள் பிள்ளைகளுக்குப் பெயர் வெளியிடாமல் கட்டணத்தைச் சங்கமே கட்டலாம்.

மற்றொன்று. மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் சனிக்கிழமை காலைகளில் நம் மண்டபம் பூட்டியே கிடக்கின்றது. அதனைத் திறந்து வைத்தால், பிள்ளைகள் பதினைந்து இருபது பேர் ஒன்றாயமர்ந்து மாதிரிப் பரீட்சை எழுதலாம். சென்ற ஆண்டுகளில் அப்பரீட்சையை எழுதிய மூத்த பிள்ளைகள் பிற்பகலில் அவர்களோடிருந்து தாள்களைத் திருத்தலாம். பிறன் விடைக்கு விதிப்படி மார்க்கிட்டுப் பார்ப்பவனுக்குத் தன் விடையின் குறை தானே விளங்கும். தாள்களில் பெயருக்குப் பதிலாக ஓர் எண் மட்டும் இருக்கட்டும். பெற்றோர் காபியும் இட்டிலியும் கொண்டு வரலாம். உள்ளே வந்து மார்க்கு விசாரிக்கலாகாது. பிள்ளை வீடு திரும்பியதும் கேட்டே தீர வேண்டுமென்றால், "இன்று எதைப் புதிதாய்த் தெரிந்துகொண்டாய்?" என்று கேளுங்கள். கூலும் விதியை அவன் தங்களுக்கு விளக்கத் தொடங்கினால் தங்களுக்கு அது விளங்காவிட்டாலும் பொறுமையோடு கேட்டுக்கொண்டிருங்கள். விளக்கிச் சொல்வதும் நினைவிலிருந்து எடுப்பதன் ஒரு வகையே.

மண்டபத்தைத் திறந்து வைக்கவும் முதற் சனிக்கிழமையைக் குறிக்கவும் அக்கிராசனாதிபதியவர்கள் இசைந்திருக்கின்றார்கள். தாள் திருத்த முன்வரும் மூத்த மாணாக்கரும், எழுத விரும்பும் பிள்ளைகளும் இக்கூட்டம் முடிந்தவுடன் காரியதரிசியவர்களிடம் பெயர் கொடுக்கலாம். கணினியும் பேனாவும் கால்குலேட்டரும் அவரவர் கொண்டுவர வேண்டும். கடிகாரம் சங்கத்தில் இருக்கின்றது.